களிப்பாறை எவ்வளவு வெந்திருக்கிறது? கை லென்ஸால் கண்டுபிடிக்கும் முறை

கடலடிச் சேறு இறுகி உருவான களிப்பாறை, மலைகள் எழும்போது பூமிக்குள் 20, 30 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கிப் போகும். அங்கே அது பெரும்பாலும் உருகுவதில்லை. திடமாக இருந்தபடியே பழைய கனிமங்கள் கரைந்து புதியவை முளைக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் களிமண்ணுக்குள் கட்டுண்டிருந்த நீர் கொஞ்சம் வெளியேறிவிடும். போன நீர் திரும்பாததால்தான், பாறை ஆறி மேலே வந்த பிறகும் அந்தச் சூட்டின் கனிமங்கள் அப்படியே நிற்கின்றன. சூடு ஏற ஏற எந்தக் கனிமத்துக்குப் பிறகு எது முளைக்கும் என்பதில் ஒரு வரிசை உண்டு. ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு ஹைலாண்ட்ஸ் மலைப்பகுதியில் இந்த வரிசையை 1893-இல் வரைபடத்தில் மண்டலங்களாகப் பிரித்துக் காட்டியவர் புவியியலாளர் ஜார்ஜ் பாரோ. கிரானைட் ஊடுருவலே வெப்பம் தந்தது என்று அவர் நினைத்தார். ஏறக்குறைய 47 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மலையாக்கமே காரணம் என்பது இன்றைய விளக்கம்.

தேவையானவை: 10 மடங்கு கை லென்ஸ், எஃகுக் கத்தி, புதிதாக உடைந்த பாறைத் துண்டு. உதிர்ந்து கிடக்கும் துண்டே போதும், நல்ல பாறை முகப்பைச் சுத்தியலால் சிதைக்க வேண்டாம்.

படி 1: சரியான பாறையை எடுங்கள். அபிரகம் மின்னும் கருமையான பட்டை வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் வெளிர் குவார்ட்ஸ் பட்டையும் அதே சூட்டைப் பட்டதுதான், ஆனால் அதில் அலுமினியம் போதாது. எதுவும் முளைத்திருக்காது.

படி 2: பிளந்து பாருங்கள். மணிகள் தெரியாமல் பலகையாகப் பிளந்தால் சிலேட். பட்டுப்போல் மினுங்கினால் ஃபில்லைட். அபிரகச் செதில்கள் வெறும் கண்ணுக்கே தெரிந்தால் சிஸ்ட். இது தோராயக் கணக்குதான்.

படி 3: பாறை பட்ட சூட்டைச் சொல்லும் அடையாளக் கனிமத்தைத் தேடுங்கள். கத்தி நுனியால் ஒரு செதிலைக் கிளப்பி வளையுங்கள். பச்சையாக இருந்து, வளைந்தபடியே நின்றால் குளோரைட் (300–400 டிகிரி செல்சியஸ்). பழுப்புக் கருப்பாக இருந்து, விட்டதும் துள்ளி நிமிர்ந்தால் பயோடைட் (சுமார் 400–450). மிளகு அளவில் கருஞ்சிவப்பாக, கத்தி பதியாமல் உருண்டு நிற்பது கார்னெட் (ஏறத்தாழ 500). பழுப்பு நிறக் குட்டைத் தூண் ஸ்டாரோலைட் (550-ஐ ஒட்டி); இரண்டு படிகங்கள் சிலுவைபோல் ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். நீலத் தகடு கயனைட் (600 வாக்கில்). அதை நீளவாக்கில் கீறினால் கத்தி பதியும், குறுக்கே கீறினால் வழுக்கும். வெள்ளை மயிரிழைகளாகப் பின்னிக் கிடப்பது சில்லிமனைட் (650-ஐ நெருங்கும்போது).

இதற்கும் மேல் சூடேறினால் வெள்ளை அபிரகம் குவார்ட்ஸுடன் வினைபுரிந்து, பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் சில்லிமனைட்டும் தந்துவிட்டு மறையும். தென் தமிழகம், கேரளம், இலங்கையின் மத்திய மலைநாடு ஆகிய இடங்களில் கிடைக்கும் கார்னெட்-சில்லிமனைட் நைஸ்கள் (பட்டை பட்டையாகத் தெரியும், மிகவும் வெந்த பாறைகள்) இந்தக் கட்டத்தையும் தாண்டியவை. அங்கே போய்க் குளோரைட் மண்டலத்தைத் தேடிப் பயனில்லை.

படி 4: கோடு போடுங்கள். ஒரு கனிமம் முதன்முதலாகத் தலைகாட்டும் இடங்களை வரைபடத்தில் இணைத்தால் மண்டல எல்லை கிடைக்கும். பழைய கனிமம் மறைய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பயோடைட் சில்லிமனைட் மண்டலத்திலும் ஏராளமாக இருக்கும்.

தவறு நடப்பது பெரும்பாலும் குளோரைட்டில்தான். கார்னெட்டைச் சுற்றிப் பச்சை விளிம்பு கட்டியிருந்தால், ஆறும் நேரத்தில் விரிசல் வழியே நீர் மறுபடி நுழைந்திருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்துக் குளோரைட் மண்டலம் என்று எழுதிவிடாதீர்கள். ஸ்டாரோலைட்டைக் காணோம் என்றாலும் பதற வேண்டாம்: இரும்பும் அலுமினியமும் தாராளமாக உள்ள பாறையில்தான் அது வரும், அடுத்த பட்டையில் பாருங்கள்.

கயனைட் இருக்க வேண்டிய இடத்தில், அதே வேதிப்பொருளால் ஆன ஆண்டலுசைட் என்ற கனிமம் இருந்தால், பாறை பட்ட அழுத்தம் குறைவு. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள பக்கன் பகுதி அப்படிப்பட்டது. அங்கே கார்டியரைட், ஆண்டலுசைட், சில்லிமனைட் என்று வேறு வரிசை.