பத்திரமா எடுத்து வச்சதுதான் கெட்டுப் போகுது: பழைய கேம், ஃபிகர் பொம்மை சேக்குறவங்க செய்யுற தப்புங்க

கோலாலம்பூர் செந்தூல்ல எங்க ஃப்ளாட்டுக்கு பக்கத்து ப்ளாக் அண்ணன் ஒருத்தர் போன மாசம் ஒரு ஷூ பாக்ஸோட வந்தாரு, உள்ள அவரோட கேம்பாய், கையில வச்சு விளையாடுற கேம் மெஷின், 1989ல வந்த அந்த தடியான சாம்பல் கலர் மாடல், பிளாஸ்டிக் பைல சுத்தி டேப் ஒட்டி, "பாரு தம்பி எவ்ளோ பத்திரமா வச்சிருக்கேன்"னாரு. பின்னாடி மூடிய திறந்தா நாலு பேட்டரியும் உள்ளேயே கெடக்கு. ஸ்பிரிங் எல்லாம் வெள்ளையா உப்பு பூத்து, ஒன்னு கை பட்டதும் முறிஞ்சு விழுந்துடுச்சு. அவர் மூஞ்சிய பாக்கவே முடியல.

நான் பாத்த வரைக்கும் நம்ம ஊர் புழுக்கத்துல விளையாடி கெட்ட சாமான விட எடுத்து வச்சு கெட்டதுதான் ஜாஸ்தி.

அதனால உள்ள வைக்கிற அன்னிக்கே பேட்டரிய கழட்டிடுங்க, கன்ட்ரோலர்ல இருக்குறதையும் சேத்து. வெள்ளப் பொடி கொஞ்சமா இருந்தா காப்பாத்தலாம், அது காரம், பட்ஸ்ல வினிகர் தொட்டு தொடச்சா கரைஞ்சிடும், அப்புறம் ஆல்கஹால் போட்டு தொடச்சு நல்லா காய விடுங்க. பிஎஸ்பி மாதிரி கைல புடிக்கிற கேம் மெஷின்ல லித்தியம் பேட்டரி உப்பியிருந்தா மட்டும் அமுக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க, இ-வேஸ்ட் வாங்குற இடத்துல குடுத்துடுங்க.

கேட்ரிட்ஜ், அதாவது மெஷின்ல சொருகுற கேம் அட்டை, சிலதுக்கு உள்ளயும் ஒரு சின்ன பேட்டரி இருக்கும், இது நிறைய பேருக்கு தெரியாது. போக்கிமோன் கோல்ட், சில்வர் கேம்ல சேவ், அதாவது விளையாடி சேத்து வச்ச பதிவு, முழுக்க அது தயவுல தான் நிக்குது, அது செத்தா சின்ன வயசுல வளத்த டீம் மொத்தமும் போச்சு, கழட்டி மாத்துனாலும் போயிடும், அதனால முதல்ல சேவ காப்பி எடுத்துட்டு அப்புறம் மாத்துங்க. அதுக்கப்புறம் வந்த போக்கிமோன் ரூபி, சஃபையர்ல அப்படி இல்ல, பேட்டரி தீந்துடுச்சுன்னு திரையில வந்தாலும் கேம் உள்ள ஓடுற கடிகாரம் மட்டும்தான் நின்னு போகும், சேவ் பத்திரமா இருக்கும், பயந்துபோய் சும்மா கழட்டாதீங்க. அப்புறம் கேட்ரிட்ஜ வாய்ல ஊதுறத விட்டுடுங்க, எச்சில் ஈரம் பட்டு உள்ள இருக்குற உலோக முனைங்க கறுத்துப் போகும்.

ஃபிகர் விஷயம் வேற. அத செய்யுற பிவிசி பிளாஸ்டிக்க மெத்துன்னு வைக்க ஒரு எண்ணெய் மாதிரி பொருள் கலப்பாங்க, சூட்டுல அது மேல வந்து நிக்கும், காத்து போகாத பெட்டில போட்டு மூடினா ஒட்டிக்கிட்டு பிசுபிசுன்னு ஆகிடும். பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணி, மெல்லிசு பிரஷ், நெழல்ல காய வச்சா போதும். அதுக்காக ஜன்னல் பக்கம் அடுக்கிடாதீங்க, சாயங்கால வெயில் பட்டா கலர் வெளுத்து, வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாயிடும். பெட்டிய சுவத்தோட ஒட்டி வச்சா பூசணம் வரும், ரெண்டு விரல் இடம் விடுங்க.

ஜப்பான்ல இருந்து சூப்பர் ஃபாமிகாம்ங்கிற பழைய டிவி கேம் மெஷின் வாங்குறவங்க இத கட்டாயம் கவனிங்க, அங்க கரன்ட் 100 வோல்ட், இங்க 240. நம்ம மூணு ஓட்டை சாக்கெட்ல மேல பேனாவ குத்தி ரெண்டு கால் பிளக்க சொருகுற பழக்கம் இருக்குல்ல, சொருகுனா உள்ள போயிடும், ஆனா அடாப்டர் வெந்து போயிடும். அடாப்டர் மேல 100-240னு எழுதியிருந்தா கவலை இல்ல, வெறும் 100னா ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் (வோல்ட்ட குறைக்கிற பெட்டி) வாங்கியே ஆகணும். இடி இடிச்சா சுவிட்ச் மட்டும் அடைக்காம பிளக்கையே புடுங்குங்க, இன்டர்நெட் ஒயரையும் சேத்து.

வாங்கும்போது, பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வாரக்கடைசி சந்தையோ ஆன்லைனோ, கேம்பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜ்னா லேபிள சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க, ஒரிஜினல்ல ரெண்டு இலக்க நம்பர் ஒன்னு அமுங்கி லேசா தெரியும். வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல எடுத்தா 500 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) உள்ள சாமானுக்கும் 2024 ஜனவரி 1ல இருந்து 10% வரி இருக்கு, விலைய அதோட கூட்டிப் பாருங்க.

அண்ணனோட கேம்பாய் போர்டு நல்லாத்தான் இருக்கு. ஸ்பிரிங் மட்டும் ஆர்டர் போட்டிருக்கோம், வந்ததும் நானே சோல்டர் பண்ணிக் குடுக்கப் போறேன்.