இஎஸ்ஜி ஃபண்டில் பணம் போடுமுன் எதைப் பார்ப்பது?

பாளையங்கோட்டையில் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்டாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் ரிட்டயர்ட் வாத்தியார்கள், மின்வாரியக்காரர்கள், மகன் துபாயில் இருக்கும் மேலப்பாளையத்துப் பாய்மார்கள். முன்பெல்லாம் "எவ்வளவு கிடைக்கும்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது "என் பணம் எந்தக் கம்பெனிக்குப் போகுது?" என்றும் கேட்கிறார்கள். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மேல் 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படிக் கேட்பவர்களுக்கு இஎஸ்ஜி ஃபண்ட் பற்றி, அதாவது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் பார்த்துக் கம்பெனிகளைத் தேர்ந்தெடுக்கும் ஃபண்ட் பற்றி, நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபண்டின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே, உங்களுக்கு எது வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முக்கூடல் பக்கத்து டீச்சர் ஒருவரின் அம்மா பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். "புகையிலைக் காசு எனக்கு வேண்டாம் தம்பி, அதுல வளர்ந்ததே போதும்" என்றார். பாய்மார்களுக்கு வட்டியும் மதுவும் ஆகாது. அவர்களுக்கு டாடா எதிக்கல் மாதிரி ஷரியா விதிப்படி கம்பெனிகளைக் கழித்தெடுக்கும் ஃபண்ட் ரொம்ப காலமாகவே இருக்கிறது. தண்ணீர்தான் பெரிது என்பவர்களும் உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போய், 2017-இல் தள்ளுபடியான ஊர் இது.

தாளை ஏன் முதலில் எழுதச் சொல்கிறேன் என்றால், இஎஸ்ஜி மதிப்பெண் உங்கள் மனசாட்சிக்காகப் போடப்படுவது இல்லை. சிகரெட் விற்கும் ஐடிசிக்கு, இப்படி மதிப்பெண் போடும் எம்எஸ்சிஐ நிறுவனம் பல ஆண்டுகள் 'ஏஏ' என்ற உயர்ந்த மதிப்பெண் கொடுத்திருக்கிறது. அதே தொழிலில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டு, ஆபத்துகளை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்துப் போடும் மார்க் அது. டீச்சரிடம் இதைச் சொன்னபோது, "நல்ல கதையா இருக்கே!" என்றார்.

அடுத்து, ஃபண்டின் திட்ட ஆவணத்தைத் திறந்து அது எந்த வகை என்று பாருங்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023 ஜூலையில் இஎஸ்ஜி ஃபண்டுகளுக்கு ஆறு வகை வகுத்தது. டீச்சர் மாதிரி ஆட்களுக்கு அதில் 'விலக்கல்' வகைதான் சரி. எதை விலக்குகிறார்கள் என்று அந்த ஆவணத்திலேயே எழுதியிருக்க வேண்டும். சொன்ன வழியில் குறைந்தது 80 சதவீதப் பணம் போக வேண்டும் என்பதும் விதி. அப்புறம் மாதாமாதம் வெளிவரும் போர்ட்ஃபோலியோவைப் பாருங்கள். பெரிய தனியார் வங்கிகள், ஐடி கம்பெனிகள் என்று பெரிய கம்பெனிகளில் போடும் சாதாரண லார்ஜ் கேப் ஃபண்ட் மாதிரியே இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வங்கிக்குப் புகைபோக்கி கிடையாது. அது கடன் கொடுத்த ஆலைக்கு இருக்கலாம்.

     

நமக்கு உண்மையில் கைகொடுப்பது வேறொன்று: பிஆர்எஸ்ஆர் அறிக்கை, அதாவது சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிக் கம்பெனியே கொடுக்கும் கணக்கு. சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் இதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆண்டறிக்கைக்குள்ளேயே இருக்கும். நூறு பக்கத்தையும் படிக்க வேண்டாம். முதல் பகுதியில் புகார்ப் பட்டியல் வரும். அதில் 'சுற்றுவட்டார மக்கள்' வரியில் எத்தனை புகார், எத்தனை நிலுவை என்று பாருங்கள். அப்புறம் கொள்கை வாரியாகத் தலைப்புகள் வரும். மூன்றாம் கொள்கையில் வேலையிடத்து விபத்தும் சாவும். ஆறாம் கொள்கையில் தண்ணீர்: ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு, நிலத்தடி நீர் எவ்வளவு, வெளியே வாங்கியது எவ்வளவு என்று கிலோலிட்டரில், போன வருஷத்தோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஒரு கிலோலிட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். நாடு முழுக்க உள்ள ஆலைகளுக்கு மொத்தக் கணக்குதான் அது; கங்கைகொண்டானில் எவ்வளவு எடுத்தார்கள் என்று அந்த வரியில் தெரியாது. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடங்களை ஊர் பெயரோடு சொல்ல இன்னொரு கேள்வி உண்டு. அது விருப்பப் பகுதி. அதைக் காலியாக விட்டிருக்கும் கம்பெனி மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

நாம் பணம் போடாவிட்டால் கம்பெனி திருந்திவிடுமா என்று கேட்பார்கள். நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2007-லேயே ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனமான வேதாந்தாவை விலக்கியது. அதன் அறக்குழு காட்டிய காரணங்களில் தூத்துக்குடி ஸ்டெர்லைட்டும் ஒன்று. அதற்கு அப்புறமும் ஆலை 2018 வரை ஓடியது. ஆகவே அந்த நம்பிக்கையில் யாரையும் நான் சேர்ப்பதில்லை. உங்கள் பணம் அங்கே இல்லை, அவ்வளவுதான். லாபமும் மற்ற பங்கு ஃபண்டுகள் மாதிரி ஏறும், இறங்கும். அஞ்சு வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் போடாதீர்கள்.

செலவு விஷயம்: ஏஜென்ட் வழியாகப் போடும் ரெகுலர் பிளானில் நான் கமிஷன் வாங்குகிறவன். மேலே சொன்னதை நீங்களே பார்க்க முடியுமென்றால் ஏஜென்ட் இல்லாமல் நேரடியாகப் போடும் டைரக்ட் பிளானில் போடுங்கள், செலவு குறைவு. மார்க்கெட் பக்கமே வேண்டாம் என்பவர்கள் வங்கியில் பசுமை டெபாசிட் கேளுங்கள், அந்தப் பணத்தைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்குக் கொடுப்பார்கள். ரிசர்வ் வங்கி 2023 ஜூன் முதல் அதற்கு விதி வைத்திருக்கிறது. எஸ்பிஐயில் 1111, 1777, 2222 நாள் கணக்கில் ஆரம்பித்தார்கள். வட்டியை மட்டும் சாதாரண டெபாசிட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.