டாஸ்க் மேனேஜரே திறக்காதபோது: பதற்றத்தில் செய்யும் தவறுகள்

கணினி திணறுகிறது. எது இழுத்துப் பிடிக்கிறது என்று பார்க்க கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறீர்கள். டாஸ்க் மேனேஜர் வரவில்லை. மறுபடி அழுத்துகிறீர்கள். அப்போதும் வரவில்லை. ஒரு கேம் திறக்காமல் போனால் எரிச்சலோடு முடிந்துவிடும். பழுது பார்க்க வைத்திருக்கும் கருவியே திறக்காவிட்டால் மனசு பதறும். அந்தப் பதற்றத்தில் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நாம் செய்யும் காரியங்களால்தான் பெரும்பாலும் உண்மையான சேதம் வருகிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டர், கமாண்ட் பிராம்ப்ட், ஈவென்ட் வியூவர், செட்டிங்ஸ் என்று எது திறக்க மறுத்தாலும் இதே கதைதான். இங்கே விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்துச் சொல்கிறேன்.

முதல் தவறு: வந்த செய்தியைப் படிக்காமல் மூடுவது

தெரிந்தவர்கள் போனில் உதவி கேட்கும்போது உரையாடல் அநேகமாக இப்படித்தான் தொடங்கும்.

“டாஸ்க் மேனேஜர் ஓப்பன் ஆகலை.”

“என்ன சொல்லுச்சு?”

“ஏதோ வந்துச்சு, நான் ஓகே குடுத்துட்டேன்.”

அந்த “ஏதோ”வில்தான் பாதி விடை இருந்தது. ஓகே கொடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கருவி எப்படித் திறக்க மறுக்கிறது என்பதைப் பொறுத்துக் காரணமும் மாறும், செய்ய வேண்டிய வேலையும் மாறும்.

“உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் இதை முடக்கியிருக்கிறார்” என்று செய்தி வந்தால், எதுவும் உடையவில்லை என்று பொருள். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ‘டிசேபிள் டாஸ்க் மேனேஜர்’ என்ற பொருளில் ஒரு பதிவு இருக்கும். அதன் மதிப்பு 1 ஆக இருந்தால் டாஸ்க் மேனேஜர் திறக்காது. ரெஜிஸ்ட்ரி எடிட்டருக்கும் கமாண்ட் பிராம்ப்டுக்கும் இதேபோல் தனித்தனிப் பூட்டுகள் உண்டு. இப்படிப் பூட்டியிருக்கும்போது சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் கட்டளைகளை மணிக்கணக்கில் ஓட்டினாலும் பலன் இல்லை. ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது, அனுமதிதான் இல்லை. அலுவலகம் கொடுத்த கணினி என்றால் அந்தப் பூட்டு வேண்டுமென்றே போட்டது. அதில் கை வைக்காதீர்கள். சொந்தக் கணினி, நீங்கள் பூட்டவும் இல்லை என்றால், “வேகமாக்கித் தருகிறேன்” என்று சொல்லும் ஏதாவது ட்வீக் மென்பொருளோ வைரஸோ பூட்டியிருக்கலாம். வைரஸ் என்றால் அதை விரட்டுவதற்கு முன் பூட்டைத் திறப்பது வீண் வேலை. ரீஸ்டார்ட் செய்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

இந்தப் பூட்டுகள் பெரும்பாலும் ஒரு யூசர் கணக்கில் மட்டும் போடப்படுபவை. ரெஜிஸ்ட்ரி எடிட்டரும் சேர்ந்து பூட்டிக்கிடந்தால் வேறொரு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே திறந்தால் சிக்கல் எந்த அளவில் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட பூட்டுகளையும் விதிகளையும் அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டர் திறக்கவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் ஹோம் பதிப்பில் அது கிடையவே கிடையாது. லோக்கல் செக்யூரிட்டி பாலிசியும் அப்படித்தான். இல்லாத ஒன்றைக் “காணாமல் போய்விட்டது” என்று எண்ணி, யாரோ எழுதிய ஸ்கிரிப்டை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓட்டுகிறார்கள். உங்கள் பதிப்பு எது என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வரும் ரன் பெட்டியில் ‘வின்வெர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சிறு சாளரம் சொல்லிவிடும்.

“ஃபைலைக் காணவில்லை” என்றால் ஃபைல் இல்லை என்று நம்பிவிடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. கீபோர்டில் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரவில்லை. ரன் பெட்டியில் பெயரைத் தட்டினால், அந்த ஃபைலைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பெயரைச் சரியாகத் தட்டினீர்களா பாருங்கள் என்று செய்தி வந்தது. விண்டோஸின் சொந்த ஃபைல்கள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் ஃபைல் அங்கேயே பத்திரமாக இருக்கிறது. செய்தியை அப்படியே நம்பிய அந்த வீட்டுப் பையன், ஏதோ ஒரு தளத்திலிருந்து அதே பெயரில் ஒரு ஃபைலை டவுன்லோட் செய்து ஓட்டியிருந்தான். அதற்குப் பிறகு பிரவுசரின் முகப்புப் பக்கமும் மாறிப்போயிருந்தது.

நடந்தது என்னவென்றால், ஒரு வருடத்துக்கு முன் டாஸ்க் மேனேஜருக்குப் பதிலாகத் திறக்கும் வேறொரு கருவியை அவர்களே வைத்திருந்தார்கள். பின்னால் இடம் போதவில்லை என்று அந்த ஃபோல்டரை அழித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட கருவிகள் ரெஜிஸ்ட்ரியில் ‘இமேஜ் ஃபைல் எக்ஸிகியூஷன் ஆப்ஷன்ஸ்’ என்ற கிளைக்குள் டாஸ்க் மேனேஜரின் பெயரில் ‘டிபக்கர்’ என்று ஒரு மதிப்பை எழுதிவைக்கும். டாஸ்க் மேனேஜரைத் திற என்று யார் கேட்டாலும், விண்டோஸ் அந்த மதிப்பில் எழுதியிருக்கும் புரோகிராமைத்தான் திறக்கப் போகும். அது அழிந்துபோயிருந்ததால், காணாமல் போனது அந்த புரோகிராம். ஆனால் செய்தியில் வந்த பெயரோ டாஸ்க் மேனேஜருடையது.

அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, டிபக்கர் என்ற அந்த ஒரே மதிப்பை மட்டும் நீக்கினோம். இரண்டு நிமிட வேலை. டவுன்லோட் செய்த ஃபைல் விட்டுப்போன குப்பையை அகற்ற ஒரு மாலைப் பொழுது முழுக்கப் போயிற்று.

வைரஸ்களும் இதே கிளையைப் பயன்படுத்துகின்றன. ஆன்டிவைரஸ், ரெஜிஸ்ட்ரி எடிட்டர் எல்லாவற்றின் பெயரிலும் டிபக்கர் எழுதிவிடும். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் கருவியில் ‘இமேஜ் ஹைஜாக்ஸ்’ என்ற பகுதி இதைக் காட்டித் தருவதற்காகவே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அந்தக் கிளை முழுவதையும் அழித்துவிடாதீர்கள். முறையான பதிவுகளும் அதில் இருக்கும்.

மின்னி மறையும் கருவியை வைத்து மல்லுக்கட்டுவது

சாளரம் ஒரு நொடி வந்து தானே மூடிக்கொண்டால் வைரஸ் மீது சந்தேகம் வரலாம். சில வைரஸ்கள் பின்னணியில் உட்கார்ந்துகொண்டு, குறிப்பிட்ட பெயருள்ள புரோகிராம் எது திறந்தாலும் உடனே அடித்து மூடும். திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. டாஸ்க் மேனேஜர் போலவே ஓடும் புரோகிராம்களைக் காட்டும், சிஸ்இன்டர்னல்ஸின் புராசஸ் எக்ஸ்ப்ளோரரை எடுத்து, அதன் ஃபைல் பெயரைச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றாக மாற்றித் திறந்து பாருங்கள். பெயரை மாற்றினால் திறக்கிறது, பழைய பெயரில் மூடிக்கொள்கிறது என்றால், யாரோ பெயரைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படித் தெரிந்தால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே ஸ்கேன் செய்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். வைரஸும் அப்போது தூக்கத்தில் இருப்பதால் தன்னைக் காத்துக்கொள்ள அதற்கு வழியில்லை.

ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருப்பது

ஸ்டார்ட் மெனுவில் கிளிக் செய்தால் வரவில்லை என்பதால் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டார்ட் மெனுவே கெட்டிருக்கலாம். ரன் பெட்டியில் தட்டிப் பாருங்கள். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தினால் வரும் திரையிலிருந்து பாருங்கள். சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போய் அந்த ஃபைலையே இரட்டைக் கிளிக் செய்து பாருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றில் திறந்தாலும் கருவி மீது பழி இல்லை.

கமாண்ட் பிராம்ப்ட் திறக்கிறது, ஆனால் பல கட்டளைகளைத் தட்டினால் “இப்படி ஒரு கட்டளை இல்லை” என்கிறதா? முழு முகவரியோடு, அதாவது சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32 என்று தொடங்கித் தட்டிப் பாருங்கள். அப்படித் தட்டும்போது வேலை செய்தால் கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்று சொல்லும் ‘பாத்’ என்ற மாறியிலிருந்து சிஸ்டம்32 விழுந்துவிட்டது. வேறு ஏதோ மென்பொருளுக்காக பாத்தைத் திருத்தப் போய், சேர்ப்பதற்குப் பதில் இருந்ததை அழித்து எழுதியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

அடுத்து, புதிதாக ஒரு யூசர் அக்கவுண்ட் உருவாக்கி அதில் திறந்து பார்ப்பது. ஐந்து நிமிட வேலைதான், பலர் செய்வதே இல்லை. புதுக் கணக்கில் திறந்தால் விண்டோஸ் நலமாக இருக்கிறது, உங்கள் புரொஃபைலில்தான் கோளாறு. இது தெரியாமல் விண்டோஸையே அழித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும்.

அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போக எஃப்8 கீயை அடித்துக்கொண்டிருப்பது பழைய பழக்கம். விண்டோஸ் 8 வந்த நாளிலிருந்து அது இயல்பாக வேலை செய்வதில்லை. ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். அதற்கு முன் ஒரு விஷயம்: உங்கள் டிரைவ், விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அந்த வழியில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். பல லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் இந்தக் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று போனிலிருந்தே பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் இறங்குங்கள்.

ஃபைலை இணையத்தில் தேடுவது

ஒரு டிஎல்எல் ஃபைல் (புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணை ஃபைல்) இல்லை என்று செய்தி வந்தால், அதன் பெயரைத் தேடி முதலில் கிடைக்கும் தளத்திலிருந்து இறக்கிக்கொள்வது மிகவும் கெடுதலான பழக்கம். அங்கே கிடைப்பது எந்தப் பதிப்பு, யார் கை வைத்தது என்று யாருக்கும் தெரியாது. அது தேவையும் இல்லை. தன் ஃபைல்களின் மூலப் பிரதிகளை விண்டோஸ் தானே ஒரு கிடங்கில் வைத்திருக்கிறது. எஸ்எஃப்சி என்ற கட்டளை, கெட்ட ஃபைலை அந்தக் கிடங்கிலிருந்து எடுத்து மாற்றும். கிடங்கே கெட்டிருந்தால் அதைச் சரிசெய்ய டிஐஎஸ்எம் என்ற கட்டளை இருக்கிறது. விண்டோஸ் அப்டேட்டிலிருந்து நல்ல பிரதியை அது கொண்டுவரும்.

இங்கே பலர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். முதலில் டிஐஎஸ்எம்மின் ‘ரீஸ்டோர் ஹெல்த்’, அது முடிந்த பிறகு எஸ்எஃப்சியின் ‘ஸ்கேன் நவ்’. இரண்டுமே அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில்தான் ஓடும். டிஐஎஸ்எம் நடுவில் ஏதோ ஒரு சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும். சிக்கிக்கொண்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

ஒரே நேரத்தில் பத்து வைத்தியம்

ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஒன்று, ரெஜிஸ்ட்ரியை மாற்றும், யாரோ கொடுத்த ரெஜ் ஃபைல் ஒன்று, ஆன்டிவைரஸை நிறுத்துவது, சர்வீஸ்களை அணைப்பது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானால் எதனால் என்றும் தெரியாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. தொடங்கும் முன், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொன்றுக்கும் பிறகு திறந்து பார்த்தல். ரீஸ்டோர் பாயின்ட்களை எடுத்துவைக்கும் சிஸ்டம் புரொடெக்‌ஷன் பல கணினிகளில் அணைந்தே கிடக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

“அனுமதி இல்லை” என்று வந்ததும் சிஸ்டம்32 ஃபோல்டரின் உரிமையையே தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது இன்னொரு வகை. அந்த ஃபைல்களுக்கு உரிமையாளர் ‘ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்ற தனிக் கணக்கு. வைரஸ் உங்கள் பெயரில் ஓடினாலும் அவற்றைத் தொட முடியாமல் இருப்பது அதனால்தான். உரிமையை மாற்றினால் அந்தக் காப்பு போய்விடும், அடுத்து வரும் அப்டேட்களும் தடுமாறலாம். பழைய நிலைக்குக் கொண்டுவருவது லேசில் முடியாது.

போன் நம்பரைத் தேடுவது

இதில் பணம் இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிக்கலைத் தேடும்போது விளம்பரமாக வரும் “உதவி எண்”களை அழைக்காதீர்கள். மோசடிக்காரர்கள் உங்கள் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைந்ததும் வழக்கமாகச் செய்வது, கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்புக் குறிகளைக் காட்டுவது. நல்ல நிலையில் இருக்கும் கணினியிலும் அந்தச் சிவப்புக் குறிகள் நிறைய இருக்கும். அவை எதற்கும் சான்று அல்ல.

அதே ஈவென்ட் வியூவரை நீங்களே பார்க்கும்போது பயனுள்ளது. கருவி திறக்காமல் போன அதே நிமிடத்தில் அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருந்தால், எந்த மாட்யூல் (புரோகிராமின் பகுதி) இடறியது என்று அதில் பெயரோடு இருக்கும். சிஸ்டம் பகுதியில் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 என்ற எண் வந்திருந்தால் டிரைவில் கெட்ட பகுதி இருக்கிறது. அப்போது எல்லா வைத்தியத்தையும் நிறுத்திவிட்டுப் படங்களையும் ஆவணங்களையும் முதலில் வெளியே நகலெடுங்கள். சாகக் கிடக்கும் டிரைவில், டிரைவைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை முழு அளவில் ஓட்டினால், டிரைவின் ஒவ்வொரு மூலையையும் அது படித்துப் பார்க்கும். அந்தச் சுமையிலேயே மிச்ச உயிரும் போய்விடலாம்.

எல்லாம் பார்த்தும் வழியில்லை என்றால், கை நேராக ‘ரீசெட்’டுக்குப் போகும். “என் ஃபைல்களை வைத்துக்கொள்” என்று தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் நிறுவிய புரோகிராம்கள் போய்விடும் என்பது பலருக்குப் பிறகுதான் தெரிகிறது. அதற்கு முன் இன்னொரு படி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை நிறுவும் எல்லாம் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். ஃபைல்கள், ஆப்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளும் தெரிவு வரும். சிஸ்டம் ஃபைல்கள் முழுவதும் புதிதாகும், உங்களுடையது எதுவும் போகாது. அந்தத் தெரிவு மங்கலாக, கிளிக் செய்ய முடியாமல் இருந்தால், இறக்கிய ஐஎஸ்ஓவின் மொழியோ பதிப்போ உங்கள் விண்டோஸோடு பொருந்தவில்லை. அடுத்த பட்டனை அழுத்தாமல் அங்கேயே கேன்சல் கொடுத்து, பொருத்தமானதை இறக்கிக்கொண்டு வாருங்கள்.