மின்ட் ஜூலெப்: கோப்பையில் பனி பூக்கும்படி

மே மாத முதல் சனிக்கிழமை, கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தய நாள். அன்று அமெரிக்கத் தெற்கில் வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் பானம் மின்ட் ஜூலெப். குலாப் ஜாமூனில் இருக்கும் அதே பாரசீகச் சொல்தான் இங்கே ‘ஜூலெப்’ ஆகியிருக்கிறது, பொருள் பன்னீர்.

ஒரு கோப்பைக்கு போர்பன் விஸ்கி 60 மி.லி., சர்க்கரைப் பாகு 15 மி.லி., புதினா 8 இலை, மேலே செருக ஒரு கொத்து. ஐஸ் கரையக் கரையச் சுவை நீர்த்துப்போகும் என்பதால் 45 முதல் 50 சதவீத ஆல்கஹால் உள்ள போர்பன் நல்லது. பெப்பர்மின்ட் வேண்டாம், அதன் காரம் விஸ்கியை அமுக்கிவிடும்.

பாகை முந்தின நாளே செய்துவிடுங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. கரைந்ததும் இறக்கிவிடலாம், கம்பிப் பதம் கூடாது. வெறும் சர்க்கரையைப் போட்டால் குளிர்ந்த விஸ்கியில் கரையாமல் அடியில் தங்கும்.

பலர் கோட்டை விடுவது புதினாவில். துவையலுக்கு நசுக்குவதுபோல் நசுக்கினால் இலை கிழிந்து பச்சைக் கசப்பு இறங்கிவிடும். வாசனை எண்ணெய் இலையின் வெளிப்பரப்பிலேயே இருக்கிறது. பாகோடு சேர்த்து மத்தால் நாலைந்து முறை மெல்ல அழுத்தினால் போதும். இலை முழுசாக இருக்க வேண்டும், வாசனை மட்டும் எழ வேண்டும்.

அடுத்தது ஐஸ். கட்டிகளைக் கெட்டித் துணிப்பையில் போட்டு, உருட்டுக்கட்டையால் அடித்துப் பொடியாக்குங்கள். துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; பிளாஸ்டிக் பையில் அடித்தால் சொதசொதவென்று ஆகிவிடும். கோப்பையில் பாதிவரை ஐஸ், அதன்மேல் போர்பன். நீளக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருங்கள். அரை நிமிடத்தில் வெளிப்புறம் மங்கி, பிறகு வெண்பனி படியும். இதற்காகத்தான் வெள்ளிக் கோப்பை; உலோகம் குளிரைச் சட்டென்று வெளியே கடத்தும். வெள்ளி இல்லையென்றால் மெல்லிய எவர்சில்வர் டம்ளர் போதும். வெளிப்புறத்தை முதலிலேயே நன்றாகத் துடைத்துவிடுங்கள். கலக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். உள்ளங்கை பட்ட இடத்தில் பனி பிடிக்காது.

பனி படிந்ததும் ஐஸைக் கோபுரமாகக் குவியுங்கள். புதினாக் கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டி, ஓரமாகச் செருகுங்கள். உறிஞ்சுகுழல் கொத்தைவிடச் சற்றுக் குட்டையாக, கொத்தை ஒட்டியே இருக்கட்டும்; அப்போதுதான் ஒவ்வொரு மடக்குக்கும் மூக்கு புதினாவில் புதையும்.