எக்செல் கேட்காமல் எடுக்கும் முடிவுகள்: படகுக் கணக்கிலும் பாசிக் கணக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் விசைப்படகு ஒன்றின் விற்பனைக் கணக்கை சார்ட்டாகப் போடும்போது ஜூன் 4-ஆம் தேதியில் ஒரு கம்பம் உயர்ந்து நின்றால், தேதி புரண்டிருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கிறது, அப்புறம் ஜூன் 4-ல் யார் மீன் விற்றது? ஏப்ரல் 6-ஆம் தேதி விற்றதை 06/04/2024 என்று அடித்திருப்பார்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும் செட்டிங்கில் இருந்திருக்கும். ஏப்ரல் 6 ஜூன் 4 ஆகிவிட்டது. அதே நெடுவரிசையில் கீழே 13/04/2024 என்று இருக்கும். பதிமூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, பாதி தப்பான தேதி, பாதி தேதியே இல்லை, பார்வைக்கு மட்டும் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். கணக்குத்தாள் மென்பொருளில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை நமக்கு கம்ப்யூட்டர் தெரியாததால் வருவதில்லை. நாம் அடித்ததை அது ஊகிக்கிறது, ஊகித்ததை நம்மிடம் சொல்வதில்லை, அங்கேதான் கோளாறு. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் சங்கக் கணக்கு, குழுக் கணக்கு எழுதுகிற பெண்கள் "எங்களுக்கு இது வராது" என்று ஒதுங்குவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது, ஏனென்றால் விஞ்ஞானிகளுக்கே இது வரவில்லை. மார்ச்1, செப்ட்2 என்ற பெயர்களில் மனித மரபணுக்கள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது, ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் அந்தப் பிழை அப்படியே அச்சாகிவிட்டது. கடைசியில் 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றியது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதி எக்செலுக்கு 2023-ல்தான் வந்தது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் இருக்கும், முதல் வேலையாக அங்கே இருக்கும் டிக்குகளை எடுத்துவிடுங்கள். ஆனால் மேலே சொன்ன 06/04 மாதிரியான சாதாரணத் தேதியை இது காப்பாற்றாது.

தேதிக்கு வழி வேறு. விண்டோஸில் ரீஜன் செட்டிங்கை இந்தியா என்று வைக்கவும்; கூகுள் ஷீட்ஸ் என்றால் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லோக்கேல் இந்தியா. ஆனால் கோப்பை வேறொருவர் கம்ப்யூட்டரில் அடிக்கும்போது அங்கே என்ன செட்டிங் என்று நமக்குத் தெரியாது. அதனால் 2024-04-06 என்று வருடத்தை முதலில் வைத்து அடிக்கப் பழகுவது நல்லது, எந்த செட்டிங்கிலும் அது புரளாது.

இங்கே ஒரு சின்னப் பழக்கத்தைக் கண்டிப்பாக விட வேண்டும். அழகுக்காக எல்லாக் கட்டங்களையும் நடுவில் நிறுத்தி வைக்கிறோமே, அதைத்தான். தேதியும் எண்ணும் தானாக வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். மென்பொருள் என்ன ஊகித்தது என்று காட்டும் நேரடி அடையாளம் அதுதான். 13/04/2024 இடப்பக்கம் ஒட்டி நிற்கும்போதே தெரிந்துவிடும். நடுவில் நிறுத்தினால் அந்த அடையாளமும் போச்சு.

அடுத்தது வங்கிக் கணக்கு எண். நிவாரணப் பட்டியலோ மகளிர் குழுப் பட்டியலோ தயார் செய்பவர்கள் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்: எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. முன்னால் பூஜ்யம் இருந்தால் அது காணாமல் போகும். ஆதார் எண் 12 இலக்கம்தான் என்பதால் இலக்கம் போகாது, ஆனால் 4.56E+11 என்ற மாதிரி ஏதோ ஒன்றாகத் தெரியும், பயந்துபோய் அழித்துவிட்டுத் திரும்ப அடிப்பார்கள், திரும்பவும் அதேதான் வரும். அடிக்க ஆரம்பிக்கும் முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து ஃபார்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்ற வேண்டும். அடித்து முடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது. கூட்டல் கழித்தல் செய்யப்போகாத எந்த எண்ணும், ஃபோன் நம்பர் உட்பட, டெக்ஸ்ட்டாகவே இருக்கட்டும்.

படகு எண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எழுத்தில் தொடங்கி எண்ணில் முடிகிற பதிவு எண்ணை ஒரு கட்டத்தில் அடித்துவிட்டு, அதே படகுக்கு இன்னும் பத்து வரிசை வேண்டும் என்று மூலையைப் பிடித்து கீழே இழுப்போம். ஒவ்வொரு வரிசையிலும் கடைசி எண் ஒன்று கூடிக்கொண்டே போகும், ஒரு சம்மாட்டியின் (படகு முதலாளியின்) மீன்பாடு அடுத்த பத்துப் படகுகளின் பெயரில் ஏறிவிடும். இழுப்பதற்குப் பதிலாக கட்டங்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-D அழுத்தினால் மேலே இருப்பது அப்படியே இறங்கும். பங்கு பிரிக்கிற கணக்கில் இப்படி ஒரு வரிசை மாறினால் கடலுக்குப் போய்வந்த ஆளின் கூலியில் கைவைத்த மாதிரி, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

எடையைப் பற்றி. 12 கிலோ என்று கட்டத்துக்குள்ளேயே "கிலோ" சேர்த்து அடித்தால் அது எண் அல்ல, எழுத்து. சம் ஃபார்முலா அதைக் கூட்டாமல் தாண்டிப் போய்விடும், பிழை என்றும் சொல்லாது, மொத்தம் மட்டும் குறையும். அலகை மேலே தலைப்பில் எழுதுங்கள். அந்தத் தலைப்பையும் முழுசாக எழுதுங்கள், குறிப்பாகக் கடல்பாசிக் கணக்கில். மண்டபம் பக்கம் மிதவை போட்டு வளர்க்கிற பாசியை அறுக்கும்போது ஈர எடை, காயவைத்து விற்கும்போது காய்ந்த எடை. பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். "எடை" என்று ஒரே நெடுவரிசை வைத்தால் ஒருவர் அறுத்த அன்றைய எடையைப் போடுவார், இன்னொருவர் விற்ற அன்றைய எடையைப் போடுவார், சார்ட்டில் ஒரு குழு இன்னொன்றைவிடப் பத்து மடங்கு உழைத்த மாதிரி தெரியும். இதில் மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை. இரண்டு நெடுவரிசை, இரண்டு தலைப்பு, அவ்வளவுதான் மருந்து.

பெயர்களும் அப்படித்தான். "நண்டு", "நன்டு", பின்னால் ஒரு இடைவெளி விழுந்த "நண்டு", மூன்றும் மென்பொருளுக்கு மூன்று சரக்கு. டேட்டா வேலிடேஷனில் ஒரு பட்டியல் கொடுத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால் இந்தச் சிக்கலே வராது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் கையில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டாதீர்கள், தேடினாலும் கிடைக்காது, அகர வரிசையும் கோணும்.

விலைப் பட்டியலில் இருந்து விலையை எடுக்க விலுக்அப் பயன்படுத்துபவர்கள் அடைப்புக்குறிக்குள் கடைசியாகக் கொடுக்க வேண்டிய மதிப்பை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எழுதாவிட்டால் "ஏறக்குறைய பொருந்தினால் போதும்" என்று அதுவாக எடுத்துக்கொள்ளும். பட்டியல் அகர வரிசையில் இல்லாத பட்சத்தில் கணவாய்க்கு நெத்திலி விலை வந்து உட்காரும், அதுவும் எல்லா வரிசையிலும் இல்லாமல் அங்கங்கே சிலவற்றில் மட்டும், அதனால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். கடைசியில் 0 சேருங்கள், அல்லது புதிய பதிப்பு இருந்தால் எக்ஸ்லுக்அப் போடுங்கள். இயல்பாகவே சரியாகப் பொருந்துவதைத்தான் அது தேடும். ஏன் முதலிலேயே அப்படி வைக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

கட்டங்களை மெர்ஜ் செய்து ஒன்றாக்காதீர்கள், சார்ட் போடும்போது தகராறு செய்யும். சார்ட்டில் மட்டுமல்ல, வரிசைப்படுத்தும்போதும் அதே தகராறுதான். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தாதீர்கள், பெயர் ஒரு பக்கமும் தொகை ஒரு பக்கமும் பிரிந்துவிடும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பை இரட்டை க்ளிக் செய்து திறந்தால் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாக மாறி நிற்கக்கூடும். டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறக்க வேண்டும். லிப்ரே ஆபிஸ் கால்க் இந்த விஷயத்தில் மேல், திறக்கும்போதே என்ன எழுத்துமுறை என்று கேட்கிறது.

இப்போது சார்ட். தடைக்காலத்தை எப்படிப் பதிவது என்பது நம் கரையில் தனிக் கேள்வி, பலர் யோசிக்காமலே 0 போட்டுவிடுகிறார்கள். ஒரு படகு 43 வாரம் கடலுக்குப் போய் வாரத்துக்கு 60,000 ரூபாய் விற்றிருக்கிறது, தடைக்காலம் 9 வாரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 9 வாரத்தைக் காலியாக விட்டால் சராசரி 60,000. பூஜ்யம் போட்டால் சுமார் 49,600. இரண்டும் சரி, கேள்விதான் வேறு. கடலுக்குப் போன வாரத்தில் என்ன கிடைத்தது என்பது முதல் கேள்வி, வருடம் முழுக்கக் குடும்பம் ஓட வாரத்துக்கு என்ன நின்றது என்பது இரண்டாவது. கடனுக்கு எழுதிப் போடும்போது எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். கடலுக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பிய நாளுக்கு 0, போகாத நாளுக்குக் காலி, பக்கத்தில் ஒரு நெடுவரிசையில் காரணம்: தடை, புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம். இந்த மூன்றையும் ஒரே பூஜ்யத்தில் அமுக்கிவிட்டால் பின்னால் யாராலும் பிரிக்க முடியாது.

காலிக் கட்டத்தை சார்ட் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் செட்டிங் உண்டு, செலக்ட் டேட்டாவுக்குள் "ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்" என்ற பொத்தானில் ஒளிந்திருக்கிறது. இடைவெளி விடுவதுதான் நேர்மை. கோட்டை இணைக்கச் சொன்னால் ஏப்ரலில் இருந்து ஜூனுக்கு ஒரு சரிவுக் கோடு போட்டு மே மாதத்திலும் மீன் விற்ற மாதிரி காட்டும். ஃபார்முலா வெற்று எழுத்தைத் திருப்பித் தரும் கட்டமோ காலிக் கணக்கில் சேராது, கோடு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அங்கே என்ஏ ஃபார்முலா போட வேண்டும். ஸ்மூத் லைன் வேண்டவே வேண்டாம், வளைவுக்காக இல்லாத புள்ளிகளை வரைகிறது, சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே கூடப் போகிறது. மைனஸ் கிலோ மீன் யாரும் பிடிக்க முடியாது.

தேதி எழுத்தாக இருந்தால் கோட்டு சார்ட் இன்னொரு வழியிலும் ஏமாற்றும்: எல்லா நாளுக்கும் சம இடைவெளி விட்டுவிடும். வாரத்தில் சில நாள் மட்டும் தொழிலுக்குப் போகிற இடத்தில் இரண்டு நாள் இடைவெளியும் இரண்டு மாத இடைவெளியும் ஒரே அகலமாகத் தெரிந்தால் அந்தப் படத்துக்கு அர்த்தமே இல்லை. அப்புறம் 2021, 2022, 2023 என்று வருடத்தை முதல் நெடுவரிசையில் வைத்து சார்ட் போட்டால், வருடத்தையே ஒரு அளவு என்று நினைத்து மேலே ஒரு நேர்கோடு போடும். இது கிட்டத்தட்ட எல்லோரையும் ஒரு தடவையாவது அழவைத்திருக்கும். இடது மேல் மூலைக் கட்டத்தைத் தலைப்பில்லாமல் காலியாக விட்டுவிட்டு சார்ட் போடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கம்ப சார்ட்டில் அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். பதினான்கு வகை மீனை ஒரே வட்டத்தில் முப்பரிமாணமாக வெட்டாதீர்கள். முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தெரியும், படுக்கைக் கம்பமாகப் போட்டால் எல்லா வகையும் பெயரோடு படிக்க வரும்.

புதிய வரிசை சேர்த்தும் மொத்தம் மாறவில்லை, சார்ட் மாறவில்லை என்றால் அவை எடுத்துக்கொள்ளும் கட்டங்களின் வரம்பு பழையதாகவே இருக்கிறது. தரவைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-T (டேபிளுக்கான எழுத்து, முன்னால் சொன்ன D அல்ல) அழுத்தி டேபிள் ஆக்கிவிட்டால் கீழே சேர்ப்பது தானாக உள்ளே வரும். வரம்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரின் 2010-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பாருங்கள். அரசுக் கடன் கூடினால் வளர்ச்சி குறையும் என்று சொன்ன அந்தக் கட்டுரையைப் பல நாட்டு அரசியல்வாதிகள் மேற்கோள் காட்டினார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்தக் கணக்குத்தாளை வாங்கித் திறந்து பார்த்தார். சராசரி ஃபார்முலா 20 நாடுகளில் 15-ஐ மட்டும் எடுத்திருந்தது, மீதி ஐந்து நாடுகள் வரம்புக்கு வெளியே. அந்தக் கட்டுரையில் வேறு குறைகளும் சுட்டப்பட்டன, ஆனால் இது வரம்பை முழுசாக எடுக்காததால் வந்த பிழை. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் 15,841 கொரோனா தொற்று விவரங்கள் கணக்கில் ஏறாமல் நின்றதும் இப்படித்தான். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை, மீதி சத்தமில்லாமல் விடுபட்டது.

ஆகவே சார்ட்டைத் தொடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நெடுவரிசைக்குக் கீழே கவுண்ட் ஃபார்முலாவும் கவுண்ட்ஏ ஃபார்முலாவும் போடுங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். 120-க்கு 113 என்று வந்தால் ஏழு கட்டங்களில் எண் என்று நாம் நினைத்தது எழுத்தாகக் கிடக்கிறது, தேடிப் பிடிக்கலாம். பிறகு ஏதாவது ஒரு வாரத்தின் ஏலச் சீட்டுகளைக் கையில் எடுத்துக் கூட்டி, அந்த வாரத்துக்குத் தாள் என்ன சொல்கிறது என்று ஒப்பிடுங்கள். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் சார்ட்டைப் படமாக மட்டும் அனுப்பாமல் தாளையும் சேர்த்து அனுப்புங்கள், ஏப்ரல் 6-ல் கடலுக்குப் போன ஆள் ஒருவராவது அதைப் பார்த்துவிட்டு "இது அன்றைக்கு இல்லையே" என்று சொல்ல வழி இருக்கும்.