அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தப் பயிற்சியாளர் ஆவது எப்படி

வேலை தேடுவதற்கு முன் ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆடுவது ஒலிம்பிக்கில் பார்க்கும் ஃப்ரீஸ்டைல் அல்ல, ஃபோக்ஸ்டைல். ஃப்ரீஸ்டைலில் எதிராளியின் முதுகை ஒரு கணம் பாய் பக்கம் திருப்பினாலே புள்ளி உண்டு. ஃபோக்ஸ்டைலில் அந்த நிலையிலேயே குறைந்தது 2 விநாடி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிடித்த நேரத்துக்கு ஏற்ப 2 முதல் 4 புள்ளி வரை கிடைக்கும். எதிராளியைத் தரையில் சாய்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்தால் 3 புள்ளி (2023–24 பருவத்துக்கு முன்பு 2), அடியிலிருந்து தப்பி எழுந்தால் 1, அடியில் இருந்தவர் மேலே வந்து கட்டுப்படுத்தினால் 2. எதிராளியை அடியில் வைத்திருந்த நேரம் அவருடையதைவிட 1 நிமிடமாவது கூடுதலாக இருந்தால் இன்னொரு புள்ளி. ஆட்டம் 3, 2, 2 நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்று.

ஃப்ரீஸ்டைலில் வளர்ந்தவர்கள் சறுக்குவது இங்கேதான். அடியில் மாட்டினால் வயிற்றைப் பாயோடு ஒட்டிக் குப்புறப் படுப்பது அவர்களுக்குப் பழகிய தற்காப்பு. ஃபோக்ஸ்டைலில் அப்படிப் படுத்தவர் எதிராளிக்கு நேரத்தைத் தானம் செய்கிறார், ஆட்டத்தை இழுத்தடிப்பதாக எச்சரிக்கையும் வாங்குகிறார். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துப் பிரித்து எழுந்து நிற்கச் சொல்லித்தரத் தெரியாதவருக்கு இந்த வேலை கிடைப்பது கடினம். பெண்கள் பிரிவு மட்டும் விதிவிலக்கு: கல்லூரிப் பெண்கள் ஃப்ரீஸ்டைல்தான் ஆடுகிறார்கள். 2025 ஜனவரியில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்கள் மல்யுத்தத்தைச் சாம்பியன்ஷிப் விளையாட்டாக ஏற்றது. இந்தியாவில் ஃப்ரீஸ்டைல் கற்றவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

நுழையும் வழி பெரும்பாலும் ஒன்றே. கல்லூரி அணியில் ஆடிப் பட்டம் வாங்குவது, பிறகு முதுகலை படித்துக்கொண்டே அணியில் வேலை செய்யும் கிராஜுவேட் அசிஸ்டன்ட் ஆவது, அடுத்து உதவிப் பயிற்சியாளர், அதன்பின் தலைமைப் பயிற்சியாளர். முதல் வேலைக்கு ஓக்லஹோமா ஸ்டேட், அயோவா, பென் ஸ்டேட் போன்ற புகழ்பெற்ற அணிகளையே துரத்த வேண்டாம். என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் நிலையான டிவிஷன் 3, சிறு கல்லூரிகளின் தனிச் சங்கமான என்.ஏ.ஐ.ஏ., இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகள் ஆகியவற்றில் ஆள் குறைவு. அங்கே ஒருவரே பயணத்துக்கு வண்டியும் பிடிப்பார், பாயும் துடைப்பார், ஆள் சேர்க்கவும் ஊர் ஊராகப் போவார். தொழில் முழுதாகக் கைவருவது அப்படித்தான். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் படிப்பவர்கள் கல்வி நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் மணிக்கணக்கைக் கேட்டு எழுதி வாங்குங்கள். முதலுதவி, சிபிஆர் (நின்ற இதயத்தை மார்பை அழுத்தி இயக்குவது), ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) சான்றிதழ்களை விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

வேலையின் கனமான பகுதி எடை. 1997 இறுதியில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். ரப்பர் உடையும் நீராவி அறையும் தடைசெய்யப்பட்டது அதன் பிறகுதான். இன்று பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் அவர் இறங்கக்கூடிய குறைந்தபட்ச எடை கணக்கிடப்படுகிறது. அன்று சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.020-க்கு மேல் இருந்தால் உடலில் நீர் போதவில்லை என்று பொருள், அளவீடு நடக்காது. ஆண்களுக்குக் கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. வாரம் குறைக்கக்கூடியது உடல் எடையில் 1.5 சதவீதம்.

கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். 160 பவுண்டு வீரருக்குக் கொழுப்பு 14 சதவீதம் என்று வைப்போம். கொழுப்பு நீங்கலான எடை 137.6 பவுண்டு. கொழுப்பு 5 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்பதால் அதை 0.95-ஆல் வகுத்தால் குறைந்தபட்ச எடை 144.8. ஆக, 141 பவுண்டுப் பிரிவு அவருக்கு இல்லை, 149 தான். முதல் வாரம் அவர் விடக்கூடியது 2.4 பவுண்டு, எடை இறங்க இறங்க அதுவும் குறையும். 149-ஐத் தொட ஐந்து வாரம் வேண்டும். நவம்பர் முதல் போட்டிக்கு அவரை அந்தப் பிரிவில் நிறுத்த நினைப்பவர் அக்டோபர் நடுவில் தொடங்கினால் கணக்கு உதைக்கும். புதிய பயிற்சியாளர்கள் அதிகம் செய்யும் தவறு இதுவே: பட்டியலில் எந்தப் பிரிவு காலியாக இருக்கிறதோ அதற்குள் ஆளைத் திணிப்பது. இரு அணி மோதலில் எடை பார்ப்பது ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. வற்றிய உடலை அதற்குள் தேற்ற முடியாது, மூன்றாம் சுற்றில் கால் இழுக்கும்.

அணிப் புள்ளிகளையும் மனப்பாடமாக வைத்திருங்கள். சாதாரண வெற்றி 3, 8 முதல் 14 வரை வித்தியாசத்தில் வென்றால் 4, 15 வித்தியாசம் வந்து ஆட்டம் நின்றால் 5, தோள்களைப் பாயில் அழுத்தி முடித்தால் 6. பத்து எடைப் பிரிவில் ஆறை வென்றும் தோற்கலாம்: ஆறும் சாதாரண வெற்றி என்றால் 18. எதிரணி நாலே ஆட்டத்தில் இரண்டு 6, இரண்டு 5 எடுத்தால் 22. அதனால் தோற்கப்போகிறவருக்கும் அன்று ஒரு வேலை உண்டு. ‘தோள் படாமல் ஏழு நிமிடம் தாங்கு, வித்தியாசத்தை ஏழுக்குள் வை’ என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கடைசி நிமிடத்தில் முரட்டு வீச்சுக்குப் போய் மல்லாந்துவிடுவார்.

தோல் நோய் ஒரு வாரத்தில் அணியையே காலிசெய்யும். பயிற்சிக்கு முன்பும் பின்பும் பாயைக் கிருமிநாசினியால் துடையுங்கள். புட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குக்குப் பாய் ஈரமாகவே இருக்க வேண்டும். ஊற்றியதும் உலர்த்திவிட்டால் துடைத்தும் பயனில்லை. வீரர்களைத் தினமும் கழுத்து, முகம், முன்கை, முழங்கால் பின்புறம் பார்க்கப் பழக்குங்கள். உடலில் படர்தாமரை வந்தவர் குறைந்தது 72 மணி நேரம் மருந்து பூசியிருந்தால்தான் போட்டிக்கு வரலாம். ஹெர்பிஸ் கொப்புளம் என்றால் 120 மணி நேரம் மாத்திரை, புதிய கொப்புளமும் இருக்கக் கூடாது. மறைத்தால் போட்டிக்கு முந்தைய தோல் பரிசோதனையில் பிடிபடுவார், அதற்குள் கூட ஆடியவர்களுக்கும் தொற்றியிருக்கும்.

ஆள் சேர்ப்பில் முதலில் கேட்க வேண்டியது பதக்கப் பட்டியல் அல்ல, மதிப்பெண் சான்று. மேல்நிலையான டிவிஷன் 1-க்கு 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 4-க்குச் சராசரி 2.3-உம் வேண்டும். நேரடியாகப் பேசவோ செய்தி அனுப்பவோ பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை காத்திருக்க வேண்டும், முந்தினால் விதிமீறல். உதவித்தொகைக் கணக்கும் மாறிவிட்டது. முன்பு டிவிஷன் 1 அணிக்கு 9.9 முழு உதவித்தொகை, அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்ட 2025 நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு போய், அணிக்கு 30 பேர் என்ற வரம்பு வந்தது. வரம்பு ஏறினாலும் பணம் தானாக ஏறுவதில்லை. உங்கள் கல்லூரி உண்மையில் எத்தனை பேருக்குச் செலவழிக்கிறது என்பதை நேர்காணலிலேயே கேளுங்கள்.

பருவத்தில் பயிற்சிக்கு உச்சவரம்பு வாரம் 20 மணி நேரம், ஒரு நாளுக்கு 4 மணி நேரம்; வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. பருவம் முடிந்தால் வாரம் 8 மணி நேரம். நேரப் பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். வார இறுதியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பிய பதிவேடு விசாரணையில் நிற்காது.

தலைமைப் பயிற்சியாளர் மாறினால் உதவியாளர்களின் வேலையும் பெரும்பாலும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு மார்ச்சிலும் தேசியப் போட்டி முடிந்த கையோடு உங்கள் விண்ணப்பத்தைப் புதுப்பித்துவிடுங்கள். எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், பருவ நடுவில் எடை தாங்காமல் பிரிவு மாறியவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களும் அதில் இருக்கட்டும். விளையாட்டுத் துறை இயக்குநர்கள் முதல் இரண்டைத்தான் கேட்பார்கள். மூன்றாவதைக் கேட்பவர் இருந்தால் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேருங்கள்.