கடற்காற்றில் ஏர் ரைபிள்: குழலைத் துடைக்கக் கற்றுக்கொள்வோம்

முட்டம் கடற்கரையிலிருந்து எங்கள் வீடு நாலைந்து கிலோமீட்டர் தூரம்தான். சன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் செயின் எதையும் இந்தக் காற்று விட்டுவைப்பதில்லை. ஏர் ரைபிள் வாங்கிய புதிதில் துருவுக்குப் பயந்து வாரம் தவறாமல் குழலுக்குள் துணி விட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். துரு பூத்ததோ வெளிப்பக்கம், வியர்த்த கையால் நான் பிடிக்கிற இடத்தில். வெளியே ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும், உள்ளே எப்போதாவது துடைத்தால் போதும் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

இங்கே சொல்வது குழலை மடக்கிக் குண்டு போடும் 4.5 மில்லிமீட்டர் ஸ்பிரிங் ரைபிளுக்கு. குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதற்காகத் தேரூர்க் குளத்துக் கொக்கைக் குறிபார்க்கலாம் என்று பொருளல்ல. அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பித்தளைத் தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்புவது பற்றிச் சிலர் கேட்கிறார்கள். உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கிறது. நம் ரைபிளில் வெடிமருந்தும் இல்லை, பித்தளைக் கூடும் இல்லை. ஆகவே அந்தக் காணொளிகளில் வரும் உலோகத் தூரிகையும் நமக்கு வேண்டாம். அது வெடிமருந்துக் கரியையும் செம்புப் படிவையும் சுரண்டுவதற்கானது. நம் குழலில் படிவது மெல்லிய ஈயம் மட்டுமே; அதைத் துணியே எடுத்துவிடும்.

எப்போது துடைப்பது? இலக்கு அட்டையைக் கேளுங்கள். ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் காரணமில்லாமல் சிதறத் தொடங்கினால் துடைக்கும் நேரம் வந்துவிட்டது. அதுவரை உள்ளே கை வைக்காதீர்கள்.

தேவையானவை: பழைய பருத்தி வேட்டித் துண்டு, ஒன்றரை மீட்டர் தங்கூசி (மீன்பிடிக்கும் நைலான் நரம்பு), கொஞ்சம் சணல் நூல், ஏர் ரைபிளுக்கென்றே விற்கும் குழல் சுத்திகரிப்பான் ஒரு சிறு புட்டி. தங்கூசி குளச்சலில் வலைச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமனில் கேளுங்கள். மெல்லியது குழலுக்குள் விறைத்து நிற்காது. இரும்புக் கம்பியில் துணி சுற்றிக் குத்துவதைவிட இது எவ்வளவோ மேல். கம்பி, குழலுக்குள் சுருண்டோடும் வரிகளைக் கீறிவிடும். குண்டைச் சுழற்றி நேராக அனுப்புவதே அந்த வரிகள்தான்.

முதல் வேலை, ரைபிளில் குண்டு இல்லை என்று உறுதிசெய்வது. குழலின் வாய் ஆளில்லாத பக்கம் பார்க்கட்டும். பிறகு குழலைச் சற்றே மடக்குங்கள். குண்டு போடும் துளை வெளியே தெரிந்தால் போதும். முழுதாக மடக்கினால் ஸ்பிரிங் ஏறிவிடும். ஏறிய நிலையில், குழல் திறந்திருக்கும்போது விசையைத் தொட்டால் குழல் அறைந்து மூடும். விரல் போய்விடும், குழலும் வளைந்துவிடும். தவறி ஏறிவிட்டால் துடைப்பதை ஒத்திவையுங்கள். குண்டு போட்டு, குழலை மூடி, வழக்கமான இலக்கில் சுட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். குண்டில்லாமல் சுட்டால், உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டன் முட்டி நொறுங்கும்.

அடுத்து, தங்கூசியை இரண்டாக மடித்து, அதன் இரு நுனிகளையும் குண்டு போடும் துளை வழியே நுழைத்து வாய்ப்பக்கம் வெளியே வரும்வரை தள்ளுங்கள். மடிப்பு உங்கள் பக்கம் ஒரு வளையமாக நிற்கும். இரண்டு சென்டிமீட்டர் சதுரத் துணியை அதில் கோத்துக்கொள்ளுங்கள். வளையத்திலேயே சணல் நூலையும் கட்டிவிடுங்கள். துணி நடுவில் சிக்கினால் பின்னால் இழுக்க அதுதான் வழி. நூல் கட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் தொலைத்திருக்கிறேன்.

இப்போது வாய்ப்பக்கமிருந்து சீராக இழுங்கள், நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் தங்கூசி வாய் விளிம்பை உரசும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போவது அந்த விளிம்பைத்தான். அங்கே சிறு தேய்மானம் வந்தாலும் குறி தவறும். முதல் துணி கருத்து வரும், இரண்டாவது சாம்பல் நிறத்தில். மூன்றாவதும் கருப்பாக வந்தால் மட்டும் அடுத்த துணியில் சுத்திகரிப்பான் ஒரு சொட்டு. சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள். இழுக்கும்போது வாயைக் கீழே சாய்த்தே பிடியுங்கள், இல்லையென்றால் ஈரம் பிஸ்டன் பக்கம் இறங்கிவிடும். பின்னால் இரண்டு உலர்ந்த துணி. வெள்ளை வெளேரென்று வரும்வரை இழுக்க வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் கெட்டுப்போகிறோம். கீலுக்கும் தேங்காய் எண்ணெய், பூட்டுக்கும் தேங்காய் எண்ணெய். நானும் குழலுக்குள் நாலு சொட்டு விட்டேன். அடுத்த குண்டு வெடிபோலச் சத்தமிட்டு, வாயில் புகை வந்தது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது எழும் சூட்டில், டீசல் எஞ்சினில் நடப்பதுபோல, எண்ணெய் பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் வாஷர் கருகி, ரிப்பேருக்குப் போய் வந்தது ரைபிள். தேங்காய் எண்ணெயோ இயந்திர எண்ணெயோ, உள்ளே எதுவும் வேண்டாம்.

வெளிப்பக்க இரும்புக்கு மட்டும் தையல் இயந்திர எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடை. சுட்டு முடித்த ஒவ்வொரு நாளும் இது கட்டாயம். ஆனியிலும் ஐப்பசியிலும் மழை விடாமல் பெய்யும்போது, எடுக்காத நாளிலும் வாரம் ஒருமுறை பாருங்கள். பஞ்சு வைத்த உறையிலேயே போட்டுவைக்காதீர்கள். அந்தப் பஞ்சு ஈரத்தைக் குடித்துவைத்துக்கொண்டு மெல்ல ரைபிளுக்குக் கொடுக்கும். பூட்டிய அலமாரியில், உறையில்லாமல், பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நிறுத்துங்கள்.

துணிகளில் இருப்பது ஈயம். அடுப்பில் போட்டு எரிக்காமல் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கு அனுப்புங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள். குண்டுகளை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

துடைத்த கையோடு போட்டிக்குப் போகாதீர்கள். பத்து மீட்டர் ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான். புதிதாகத் துடைத்த குழல் அங்கே உடனே போய்ச் சேராது. வரிகளில் மறுபடி ஈயம் லேசாகப் படிய, பத்து இருபது குண்டுகள் அங்குமிங்கும் விழும். அதைப் பார்த்துக் குறிகாட்டியைத் திருகத் தொடங்காமல், இருபத்தோராவது குண்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.